பத்துக்குப் பத்து அறையில் கைவேலை: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: “பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் வீட்டில் ஒரு பத்துக்குப் பத்து அறை காலியாக இருக்கிறது. அதைக் கைவேலை அறையாக்க ஆசை. தையல் ஓரளவு தெரியும், கொக்கி ஊசியால் போடுகிற ஆரி எம்ப்ராய்டரி இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன், பட்டுநூல் வளையல் செய்வேன். விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பேப்பர் வேலை. அறையை நிரப்ப என்னென்ன வாங்க வேண்டும்?”

பட்டியல் தருகிறேன். ஆனால் அந்த ‘நிரப்ப’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சென்னை சௌகார்பேட்டைக்குப் போய் இரண்டு கட்டைப்பை நிறைய வாங்கி வந்தேன். அதில் பாதிச் சமிக்கி இன்னும் என்னிடம் இருக்கிறது, சாயம் போய். உழைத்துத் தேய்ந்தவை ஒரு கத்தரி, ஒரு இன்ச் டேப், ஒரு அயர்ன் பாக்ஸ், அவ்வளவுதான். அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. எந்த வேலை செய்தாலும் கை படுகிற கருவிக்குத் தயங்காமல் காசு கொடுப்பேன். தீர்ந்துபோகிற பொருளை அந்தந்த வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குவேன். நீங்கள் சொன்ன நான்கு வேலைக்கும் பொதுவானவற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல் செலவு விளக்கு. யாரும் இதைப் பட்டியலில் போடுவதில்லை. அறை நடுவில் இருக்கிற ஒற்றை பல்பு போதாது. நான்கடி எல்இடி டியூப்லைட் ஒன்றை மேஜைக்கு நேர் மேலே போடுங்கள். முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே துணி மேல் விழும். வலக்கைக்காரர் என்றால் ஜன்னல் இடப்பக்கம் வருகிற மாதிரி உட்காருங்கள். விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நூல் நிறத்தை மட்டும் பகலில்தான் பார்க்க வேண்டும். ஒரு முறை கடையின் மஞ்சள் வெளிச்சத்தில் அரக்குப் புடவைக்குப் பொருத்தமாக எடுத்த பட்டுநூல், வீட்டு வாசலில் பிரித்துப் பார்த்தால் காப்பிக்கொட்டை நிறம். இப்போதெல்லாம் ஜாக்கெட் துண்டையும் நூலையும் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசற்படிக்கு வந்துவிடுவேன். கடைக்காரர்களுக்கும் இது பழக்கம்தான்.

விளக்கு ஆனதும் ஃபேன். சென்னை மாதிரி ஊரில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. ஃபேன் போட்டால் சமிக்கியும், சுருட்டிப் பூ செய்கிற குவில்லிங் தாளும் அறை முழுக்கப் பறக்கும். டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக் காற்றைக் காலுக்குத் திருப்பிவிடுங்கள். பாசிமணியைத் தட்டில் கொட்டும்போது அடியில் ஒரு வெல்வெட் துண்டு போட்டால் உருளாது, ஊசி முனையில் எடுக்கவும் வசதி. இதற்கென்று வாங்க வேண்டாம், பழைய ஜாக்கெட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

மேஜைக்கு இரண்டு உயரம் வேண்டும். துணி வெட்டுவதற்குச் சமையல் மேடை உயரம், நின்றுகொண்டு வேலை செய்ய. மெஷினுக்கு அதைவிடத் தாழ்வு. நம் வீடுகளில் தரையில் விரித்து வெட்டித்தான் பழக்கம். நாற்பது வயதுக்கு மேல் இடுப்பு அதற்குச் சம்மதிக்காது. பழைய பிளைவுட் கதவு ஒன்றை இரண்டு இரும்பு ரேக் மேல் போட்டால் வெட்டும் மேஜை தயார், ரேக்கில் டப்பாக்களையும் அடுக்கலாம். அதே பலகையின் ஒரு ஓரத்தில் கம்பளியை நான்காக மடித்து மேலே வெள்ளைக் காடாத் துணி விரித்தால் அயர்ன் பண்ணும் இடம். தையல் தெரிந்தவர்கள் செய்கிற பெரிய சிக்கனம், அயர்ன் பண்ணாமல் அடுத்த தையலுக்குப் போவது. ஒவ்வொரு தையலையும் அமுக்கி அயர்ன் பண்ணிப் பாருங்கள், அதே கையால் தைத்த ஜாக்கெட் கடையில் தைத்தது போல் நிற்கும். அயர்ன் பாக்ஸைச் சுவர் பிளக்கிலேயே போடுங்கள், விலை குறைந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம்.

இனி கத்தரி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குறைந்தது மூன்று வேண்டும்: துணிக்கு ஒரு பத்து அங்குலக் கத்தரி, நூல் வெட்ட ஒரு சின்னது, காகிதத்துக்கென்று ஒன்று. காகிதக் கத்தரி மலிவானதாக இருந்தாலும் போதும். துணிக் கத்தரியைக் காகிதத்தில் வைக்காதே என்று எல்லா டெய்லரும் திட்டுவார், காரணம் சொல்ல மாட்டார். காகிதத்தில் வெண்மைக்கும் வழவழப்புக்கும் சுண்ணாம்புத் தூள், களிமண் தூள் எல்லாம் சேர்க்கிறார்கள். நம் கண்ணுக்கு வழவழவென்று தெரிகிற சார்ட் பேப்பர் கத்தரி முனைக்கு மணல்தாள் மாதிரி. என் வீட்டில் ஒரு கொலு சமயத்தில் பிள்ளைகள் என் துணிக் கத்தரியால் தெர்மோகோல், சார்ட், கம்பி வரைக்கும் வெட்டிவிட்டார்கள். அடுத்த நாள் ஜார்ஜெட்டை வெட்டினால் துணி கத்தரிக்கு நடுவில் மடிந்து மென்றுகொண்டு நின்றது. அதன் பிறகு துணிக் கத்தரியின் பிடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். சிவப்பு நூல் இருந்தால் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம், என் கணவருக்கும் சேர்த்து.

வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். கையோடு மெல்லிய லைனிங் துணித் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் நான்காக மடித்து, கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் எந்தக் கத்தரியும் வெட்டும். நுனி சுத்தமாக வெட்டினால்தான் கழுத்து வளைவும் கை வளைவும் ஒழுங்காக வரும். இரும்பில் வருகிற மீரட் கத்தரி கனமாக இருக்கும், ஆனால் சாணை பிடித்துச் சாணை பிடித்துப் பல வருடம் ஓட்டலாம். பழைய வண்டிகளின் எஃகிலிருந்து அடித்துச் செய்கிற வேலை அது, 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிளாஸ்டிக் பிடி போட்ட லேசான கத்தரி கைக்குச் சுகம். கை மூட்டு வலி உள்ளவர்கள் அதையே எடுங்கள், தப்பில்லை.

தையலுக்கு மெஷின் ஏற்கெனவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு வேண்டியவை: அடிநூல் சுற்றப் பத்துப் பாபின், ஒரு உபரி பாபின் கேஸ், ஊசி பாக்கெட்டுகள், தையல் பிரிக்கிற சீம் ரிப்பர், இன்ச் டேப், டெய்லர் சாக், குண்டூசி, மெஷின் ஆயில். ஆயில் என்றதும் ஒன்று. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரண்டு நாள் மெஷின் நன்றாக ஓடும், பிறகு எண்ணெய் பிசினாகி, பஞ்சுத் தூசியோடு சேர்ந்து இறுகிவிடும். குளிர் மாதத்தில் உறைந்தும் போகும். மெஷின் ஆயில் ஒரு சின்னப் புட்டி வருடக்கணக்கில் வரும், அதையே விடுங்கள். இன்ச் டேப் பழசாகித் துணி மாதிரி துவண்டுவிட்டால் நீளமும் நீண்டிருக்கும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள், அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் தூக்கிப் போடுங்கள். பருத்தி லைனிங் வாங்கியதும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, அயர்ன் பண்ணி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவையலில் உள்ளே லைனிங் சுருங்கி வெளியே ஜாக்கெட் உப்பிக்கொண்டு நிற்கும்.

ஊசி வாங்கப் போனால் எண்களில் குழம்பாதவர் இல்லை. மெஷின் ஊசியில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். பட்டு, ஜார்ஜெட்டுக்கு 11, சாதாரண ஜாக்கெட்டுக்கு 14, தடித்த துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. கையூசியில் இது அப்படியே தலைகீழ். 5ஆம் நம்பர் தடிமன், 10 மெலிசு, பாசி கோக்க 10 அல்லது 12. இன்னொன்று, வீட்டு மெஷின் ஊசியின் மேல்தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். கார்மென்ட் பவர் மெஷின் ஊசி முழுவதும் உருண்டையாக இருக்கும். இரண்டும் பாக்கெட்டில் பார்க்க ஒரே மாதிரிதான். பழைய ஊசி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்கினால் பிரச்சினை இல்லை. தைக்கும்போது ‘டப் டப்’ என்று சத்தம் வந்தாலோ நூல் இழை இழுத்தாலோ மெஷினைத் திட்டாதீர்கள், ஊசியை மாற்றுங்கள்.

பாசியிலும் இதே தலைகீழ்க் கணக்குதான். 11 என்று சொல்கிற சீட் பீட்ஸ் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8 என்பது 3, 6 என்பது 4. கல், பட்டன் எல்லாம் மொத்தக் கடையில் ‘கிராஸ்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு கிராஸ் 12 டஜன், அதாவது 144. வளையல் செய்கிறவர் நீங்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 2.4, 2.6, 2.8 என்று சொல்வது தசமக் கணக்கு இல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவது பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் 2 அங்குலமும் பதினாறில் நாலும், அதாவது இரண்டேகால் அங்குல உள்விட்டம். 2.8 இரண்டரை அங்குலம். 2.6 இந்த இரண்டு அளவுக்கும் நடுவில். இது தெரியாமல் ஸ்கேல் வைத்து 2.4 அங்குலம் அளந்து வெறும் வளையல் ஆர்டர் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. பட்டுநூல் சுற்றிய பிறகு உள்விட்டம் ஒரு நூல் அளவு சுருங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இறுக்கமாகப் போடுகிறவர்களுக்கு அந்த ஒரு நூலே கையில் ஏறாமல் செய்துவிடும்.

ஆரிக்கு வருவோம். இதில் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது கைக்கு அடக்கமான வட்டச் சட்டம், அப்புறம் ஏன் வரவில்லை என்று அழுவது. சாதாரண எம்ப்ராய்டரிக்கு ஒரு கையில் சட்டத்தைப் பிடித்து மறு கையால் குத்தலாம். ஆரியில் வலக்கை மேலே ஊசியோடு, இடக்கை துணிக்கு அடியில் நூலோடு. சட்டத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆகவே ஸ்டாண்டோடு கூடிய சட்டம்தான் வேண்டும், அல்லது மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு முடுக்குகிற சட்டம். பழகும் வரைக்கும் வட்டச் சட்டமும் ஸ்டாண்டும் போதும். முழு ஜாக்கெட் எடுத்துச் செய்யும் அளவுக்கு வந்த பிறகு மரக்கட்டில் சட்டம் வாங்கலாம். அது அறையில் நான்கடியை அடைத்துக்கொள்ளும், மடக்கி வைக்கிற மாதிரி எடுங்கள். உள்வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிவிட்டால் துணி வழுக்காது. துணியை மாட்டியபின் விரலால் தட்டுங்கள், மேளம் மாதிரி ‘டம்’ என்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஊசிக் கொக்கி இழையில் மாட்டித் துணி கிழியும்.

ஆரி ஊசி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பட்டுநூலுக்கு மெலிசாக ஒன்று, ஜரிக்குச் சற்றே தடிமனாக ஒன்று. மாட்டும்போது கொக்கி பார்க்கிற பக்கமும் கைப்பிடித் திருகு இருக்கிற பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது துணிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது, திருகை வைத்துத்தான் விரலுக்குத் தெரியும். ஒரு வாரம் பழகிப் பாருங்கள், கண் அந்தப் பக்கமே போகாது. டிசைன் மாற்ற, தொழிலாகச் செய்கிறவர்கள் ஊசியால் துளைபோட்ட டிரேஸ் பேப்பர் மேல் ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார்கள். பக்கத்தில் அயர்ன் பாக்ஸ் இருக்கிற வீட்டு அறைக்கு அது வேண்டாம். மஞ்சள் கார்பன் பேப்பரும் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் போதும். நூல், ஜரி, சமிக்கி, குந்தன், முத்து எல்லாம் அந்தந்த ஜாக்கெட்டுக்கு மட்டும். பழகுவதற்கு நான்கைந்து நிறப் பட்டுநூல் போதும். நூற்றைம்பது நிறம் போட்ட பெட்டி பார்க்க அழகுதான், ஆனால் வேலை வரும்போது அதில் இல்லாத நிறம்தான் வேண்டியிருக்கும்.

பசையில் நான்கு வகை வைத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது. காகிதத்துக்கும் மரத்துக்கும் வெள்ளைப் பசை. பிள்ளைகளுக்கு க்ளூ ஸ்டிக். துணியில் கல் ஒட்ட, வளையலில் நூல் நுனி ஒட்ட ஃபேப்ரிக் க்ளூ. சீர்வரிசைத் தட்டு, பூ அலங்காரத்துக்கு க்ளூ கன். க்ளூ கன் வாங்கும்போது குச்சி 7 மில்லிமீட்டரா 11 மில்லிமீட்டரா என்று பாருங்கள், ஒன்றுக்கு மற்றது சேராது. சூடாக ஒட்டுகிற பசை சூட்டில் இளகவும் செய்யும். மே மாதம் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போன ஆரத்தித் தட்டில், மண்டபம் போய்ச் சேர்ந்தபோது முத்துச் சரம் முழுவதும் ஒரு பக்கமாக வழிந்திருந்தது. கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் தட்டுகளில் கனமான சாமான்களை மெல்லிய கம்பியால் ஒரு கட்டும் கட்டிவிடுகிறேன் இப்போது.

நொடியில் ஒட்டும் அந்தச் சின்னக் குப்பிப் பசையைத் துணி வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். குந்தன் கல்லின் மேல் வெள்ளைப் புகை படிந்து பளபளப்பு போய்விடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், பருத்தியில் பட்டதும் அது சட்டென்று கொதிக்கும். என் மடியில் நைட்டி மேல் குப்பி கவிழ்ந்தது. ‘என்ன இது, புகை வருகிறதே’ என்று பார்ப்பதற்குள் தொடையில் சுருக்கென்று சுட்டுவிட்டது. தீக்காயத்தின் தழும்பு ஒரு ரூபாய் அளவில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் வரும் அறை என்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். கட்டாயம் வேண்டுமென்றால் மேல் தட்டில் பூட்டி வையுங்கள், பஞ்சால் துடைக்காதீர்கள்.

பிள்ளைகளின் பேப்பர் வேலைக்கு அதிகம் வேண்டாம். வண்ண ஏ4 தாள், வாழ்த்து அட்டைக்கு 200 ஜிஎஸ்எம்மை (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு அது) தாண்டிய கெட்டித் தாள், 3 அல்லது 5 மில்லிமீட்டர் குவில்லிங் தாள், அதைச் சுருட்டப் பிளவு ஊசி ஒன்று, மழுங்கிய முனைக் கத்தரி. கட்டரும் கட்டிங் மேட்டும் பெரியவர்களுக்கு மட்டும், ஸ்டீல் ஸ்கேலோடு. பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக் கட்டர் ஓட்டினால் முதலில் ஸ்கேலைச் சீவும், அப்புறம் விரலை.

அடுக்கி வைப்பதற்குத் தனியாக எதுவும் வாங்காதீர்கள். நிறைய பேர் பாசிக்கு அஞ்சறைப்பெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். மேஜையில் திறந்து வைத்து வேலை செய்ய அதைப்போல் ஒன்று கிடையாது. ஆனால் எடுத்து வைக்கும்போது சற்றே சாய்ந்தால் கடுகும் வெந்தயமும் கலப்பது மாதிரி ஏழு நிறமும் கலந்துவிடும். வேலை முடிந்ததும் திருகு மூடிப் பாட்டில்களில் கொட்டுங்கள், மூடி மேல் அந்தப் பாசியிலேயே ஒன்றை ஒட்டி வைத்தால் எழுதி ஒட்ட வேண்டாம். ஜரியைக் காற்றுப் புகாத டப்பாவில், செருப்புப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு வையுங்கள். கடற்கரை ஊர் என்றால் இது கட்டாயம். பக்கத்தில் அந்துருண்டை கூடாது, ஜரி கறுக்கும் என்று பட்டுச் சேலை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஊசி துருப்பிடிக்காமல் இருக்க என் பாட்டி உதிர்ந்த தலைமுடியை அடைத்து ஊசிமெத்தை தைப்பாள், முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசையே ஊசிக்குக் காவல். முகம் சுளிக்காமல் செய்ய முடிந்தால் இன்றைக்கும் அதுதான் சிறந்தது.

எங்கே வாங்குவது? சென்னை என்றால் பாரிமுனைப் பக்கம்தான்: துணிக்குக் கோடவுன் தெரு, காகிதத்துக்கு ஆண்டர்சன் தெரு, ஆரிச் சாமானுக்குச் சௌகார்பேட்டைச் சந்துகள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும், வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். மதுரைக்காரர்களுக்குப் புதுமண்டபம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஆனால் மொத்தக் கடையில் விலை குறைவு என்று அரைக் கிலோ பாசி வாங்குவதைவிட, தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் பத்து கிராம் வாங்குவதுதான் லாபம். ஒரே நிறத்தில் முப்பது ஜாக்கெட் போட ஆர்டர் வந்தால் அப்போது போங்கள் பாரிமுனைக்கு.

வாங்க வேண்டாதவை: அச்சில் ஊற்றி இறுக வைக்கிற ரெசின் இப்போதைக்கு வேண்டாம், அதற்குக் காற்றோட்டமும் கையுறையும் தனி இடமும் வேண்டும், துணியோடு ஒரே அறையில் சேராது. டிசைன் வெட்டும் மெஷின், ஹீட் பிரஸ் எல்லாம் வேலை வர ஆரம்பித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் கிளிட்டர் பவுடர். பிள்ளைகள் கேட்பார்கள், கெஞ்சுவார்கள், கிளிட்டர் பேனா வாங்கிக் கொடுத்துவிடுங்கள். என் வீட்டில் ஒரு சின்ன டப்பா கவிழ்ந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் தோசை வார்க்கும்போது சட்னிக் கிண்ணத்தின் விளிம்பில் ஒன்று மின்னியது.